மஞ்சள் விளக்கின் கீழே

ஆறு பேரை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். எல்லாரும் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி. கண்கள் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்களை வைத்தே யார் எவர் என்று நான் சொல்லிவிடுவேன், அத்தனை வருஷப் பழக்கம். வரிசையில் நான்காவதாக நின்றவள் லோகா.

கூலிம் பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் உடை மாற்றும் அறை அது. தூசியே இருக்கக் கூடாத கூடத்துக்குள் போகிறவர்கள் அங்கேதான் அங்கியை மாட்டுவார்கள், வெளியே வரும்போது அங்கேதான் கழற்றுவார்கள். சுவரும் வெள்ளை, விளக்கும் வெள்ளை. எங்கள் மானேஜர் ஹஸ்னா அம்மா (மலாயில் புவான் ஹஸ்னா) ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றிக் காட்டச் சொன்னார். முதல் மூன்று பேரிடம் ஒன்றும் இல்லை.

லோகா மேல் கையுறையைக் கழற்றினாள். உள்ளே இன்னொரு கையுறை. அதன் மணிக்கட்டில் வளையல் போட்ட மாதிரி சுற்றிலும் மஞ்சள் ஊறியிருந்தது.

காற்றை வடிகட்டும் மெஷின் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. லோகா தன் கையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை.

நான் புவான் ஹஸ்னாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கையில் பெயர்ப் பட்டியல். நெஞ்சில் 'சீனியர் டெக்னீசியன்' என்ற அட்டை. அந்த மஞ்சள் எப்படி வந்தது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி லோகா. இன்னொருத்தி நான்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் இந்தத் தொடரில் இதுவரை சிரிப்புக் கதையாகத்தான் எழுதி வந்தேன். பேக்டரி பஸ்ஸில் செருப்பைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு, பீடோங் பாசாரில் மீன் வாங்க வந்த ஓர் அம்மா என் முதுகில் ஒரு போடு போட்டார். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. வேண்டாம் என்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பி ராசிபலன் பார்க்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டில் பெரியம்மா, வேலையில் அக்கா

லோகா என் சொந்தக்காரி இல்லை. பீடோங்குக்கு அந்தப் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுச் சரசுவின் மகள். சரசு என்னைவிட ஆறு வயது சின்னவள். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினாள், உரம் போட்டாள், முதுகு போன பிறகு பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டுக் கழுவினாள். புருஷன் லோரி ஓட்டுகிறவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பார், அந்த நாலு நாளும் தூங்குவார். லோகா என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

லோகா படிப்பில் சூரப்புலி என்று யாரும் சொல்லவில்லை. மலாய் சரியாக வரவில்லை என்று இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அவளைப் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார வைத்தார்கள். தமிழ்ப் பள்ளியிலிருந்து போகிற எங்கள் பிள்ளைகள் பலருக்கு நடப்பதுதான். ஒரு வருஷம் பின்னால் போனால் அந்த முத்திரை கடைசிவரை கூடவே வரும். நான்காம் படிவ வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டாள். கணக்கியல் பிரிவே போதும், பெண் பிள்ளை, ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

சரசு அதைக் கேட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் வீட்டு மிக்சரைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டி, ஓட வைத்தவள். பன்னிரண்டு வயதில்! ஒரு திருகாணி மிச்சம் வந்தது, ஆனால் ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பள்ளியின் ஆபீசில் போய் உட்கார்ந்தேன். நீங்கள் அம்மாவா என்று கேட்டார்கள். பெரியம்மா என்றேன். அம்மா வரட்டும் என்றார்கள். அம்மா கேன்டீனில் தட்டுக் கழுவுகிறாள், வரமாட்டாள், நான்தான் வருவேன், இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கும் வருவேன் என்றேன். மத்தியானம் ஒரு ஆசிரியர் வெளியே வந்து அலுப்போடு ஒரு விண்ணப்பப் பாரத்தை நீட்டினார். லோகா அறிவியல் பிரிவுக்குப் போனாள்.

அப்புறம் எஸ்.பி.எம். பரீட்சை, பாலிடெக்னிக், அதற்குப் பிறகு டிகிரி. ஒவ்வொரு படியிலும் சரசு, போதும் அக்கா, பாலர் பள்ளியில் டீச்சர் வேலை இருக்கிறதாம் என்பாள். ஒவ்வொரு படியிலும் நான் போய் நிற்பேன். என் மைவி காடி அந்தப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு இன்டர்வியூவுக்கு ஓடிய ஓட்டத்தில் இரண்டு டயர் தேய்ந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்போது எனக்கு அவ்வளவு பெருமை இருந்தது.

கடைசியில் எங்கள் தொழிற்சாலையிலேயே, எங்கள் பகுதியிலேயே, அவளுக்கு இஞ்சினியர் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதற்குப் பிறகு நிரந்தரம். அந்தப் பகுதியில் தமிழ்ப் பெண் யாரும் அதுவரை இஞ்சினியர் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. டெக்னீசியன் நான், எனக்கு மேலே அவள். சந்தோஷத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

முதல் நாளே காடியில் போகும்போது அவளுக்கு ஒரு சட்டம் போட்டேன். உள்ளே நீ என்னைப் பெரியம்மா என்று கூப்பிடக் கூடாது, எல்லாரையும் போல அக்கா என்று கூப்பிடு, ஒரே தோட்டம் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னால் கேள் என்றேன்.

மறைத்தே பிழைத்தவள்

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

நான் பேக்டரிக்குள் நுழைந்த காலத்தில் எங்களைப் போன்ற பெண்களை விரலுக்காகத்தான் எடுத்தார்கள். சின்ன விரல், நுணுக்கமான வேலை செய்யும், எதிர்த்துப் பேசாது. இன்டர்வியூவில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தாலியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஐந்து மாதம் வரை மேல்சட்டைக்குள் மறைத்தேன். தலை சுற்றினால் கக்கூசுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நிற்பேன். டெக்னீசியன் பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தைச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்திருப்பேன். சூப்பர்வைசர் பார்த்தால் இவளுக்கு எதற்கு இது என்பார். ஒவ்வொன்றையும் மறைத்தேன், ஒவ்வொன்றிலும் தப்பித்தேன்.

தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும் அதில் ஒன்று. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பால்குடமோ தீச்சட்டியோ எடுக்கிறவர்கள் பத்து நாள் முன்னால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதில் ஒரு மஞ்சள் துண்டும் இருக்கும். திருவிழா முடிகிறவரை அவிழ்க்கக் கூடாது. காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்றுகூடச் சொல்வார்கள். எல்லையைத் தாண்டாமல் எங்கே போய் வேலை செய்வது? அதை அம்மனே கண்டுகொள்வதில்லை.

நான் காப்பின் மேல் டேப்பைச் சுற்றி, அதற்கு மேல் கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். பல வருஷம் போனேன். ஒரு நாள்கூட யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அது பழைய தொழிற்சாலை. அங்கே நாங்கள் செய்தது பெட்டிக்குள் பாகங்களைப் பொருத்தும் வேலை. இது வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

வேண்டுதல் என்னுடையது

லோகாவின் இன்டர்வியூவுக்கு முதல் நாள் தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். சரசுவும் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு இஞ்சினியர் வேலை கிடைத்தால் அவளைப் பால்குடம் எடுக்க வைக்கிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். கவனியுங்கள், நான் எடுக்கிறேன் என்று வேண்டவில்லை. அவளை எடுக்க வைக்கிறேன் என்று வேண்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

வேலை கிடைத்த நான்காவது மாதம் திருவிழா வந்தது.

காப்புக் கட்டுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து காடியில் வரும்போது லோகா கேட்டாள்.

"பெரியம்மா, நான் புவான்கிட்ட கேட்டுப் பாக்கட்டா? பத்து நாள்தானே. வெளிய கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் வேலை நெறைய கெடக்கு. அதுல போடச் சொல்லிக் கேக்கறேன்."

நான் சிக்னலில் நின்றிருந்தேன். பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். இப்போது நினைத்தால் அந்த ஹாரன் சத்தம்தான் முதலில் காதில் வருகிறது.

"வேணாம் லா," என்றேன். "இன்னும் வேலையே நெரந்தரம் ஆகல. கோயிலு, கயிறுன்னு போய் நின்னேன்னா, இந்தியக்காரங்களுக்கு எப்பப் பாத்தாலும் ஒரு கோயில்னு சொல்லுவாங்க. டேப்பச் சுத்திக்க, ரெண்டு கையுறை போட்டுக்க. நான் போகலையா அந்தக் காலத்துல?"

இல்ல பெரியம்மா, உள்ளே தூசி எண்ணுற மெஷின் இருக்கே என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த பிள்ளை எனக்குப் பாடம் நடத்துகிறது என்று நினைத்தேன். உன்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டேன்.

மஞ்சள் தெரியாத அறை

நாங்கள் வேலை செய்த கூடத்தைப் பற்றி இரண்டு வரி. அப்பளத்தைவிட மெல்லிய வட்டத் தகடுகள் அங்கே வரும். அவைதான் பிறகு நறுக்கப்பட்டு உங்கள் கைப்பேசிக்குள்ளும் காடிக்குள்ளும் சில்லுகளாகப் போகின்றன. அந்தத் தகட்டின் மேல் ஒரு மருந்தைப் பூசுவோம். சாதாரண விளக்கு பட்டால் அந்த மருந்து கெட்டுப்போகும். அதனால் அந்தக் கூடத்தில் மட்டும் விளக்கெல்லாம் மஞ்சள். உள்ளே போனால் மனிதர், சுவர், காகிதம் எல்லாம் ஒரே நிறம்.

அந்த வெளிச்சத்தில் மஞ்சள் நிறத்தையும் வெள்ளை நிறத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது. வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பட்டால் உள்ளே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. வெளியே வெள்ளை விளக்குக்கு வந்தால்தான் தெரியும். புதுப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இதுவும் ஒன்று.

என் காலத்தில் காப்புக் கயிறு இரண்டு நாளில் காய்ந்து வெளுத்துவிடும். சரசு பக்திக்காரி. தினமும் விடியலில் மகளை மஞ்சள் நீரில் குளிக்க வைத்து, காப்பின் மேலும் மஞ்சளை அரைத்துப் பூசி அனுப்பியிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஈரக் கயிற்றின் மேல் டேப், அதன் மேல் கையுறை, உள்ளே வியர்வை. டேப் பிரிந்து மஞ்சள் ஊறி, கயிற்றின் நார் துகள் துகளாக உதிர்ந்திருக்கிறது. மணிக்கட்டு வழியாக அது கசிந்ததை அந்த வெளிச்சத்தில் லோகாவே பார்த்திருக்க முடியாது. வெளியே வந்ததும் கையுறைகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சுருட்டித் தொட்டியில் போட்டுவிடுவோம், அங்கேயும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஆறாவது நாள் தூசி எண்ணும் மெஷின் கத்தியது. இரண்டு பெட்டித் தகடுகள் வீணாய்ப் போயின. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நார். அதைப் படம் எடுத்துச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அப்புறம்தான் எல்லாரையும் வெளியே வரச்சொல்லி வரிசையில் நிற்க வைத்தார்கள்.

ஏன் கேட்கவில்லை

அன்று மத்தியானமே விசாரணை. சின்ன அறை. புவான் ஹஸ்னா, மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர், லோகா, பயிற்சிக்குப் பொறுப்பு என்பதால் நான். லோகா சட்டைக் கையை மடித்துக் காப்பைக் காட்டினாள். கோயில் வேண்டுதல் என்று விளக்கினாள். அழவில்லை.

புவான் ஹஸ்னா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மலாயில் கேட்டது ஒரே கேள்விதான். "கெனாப்பா தக் தாஞா?" ஏன் கேட்கவில்லை?

லோகா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

அவரே சொன்னார். போன வருஷம் கையில் மாவுக்கட்டுப் போட்ட பையனை மூன்று வாரம் வெளியே ரிப்போர்ட் வேலையில் வைத்திருந்தேனே, உன்னையும் அப்படி வைத்திருப்பேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்றார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். எனக்கு நாற்காலி சுட்டது.

மனிதவளப் பிரிவுக்காரர் கேட்டார், இப்படிச் செய்யலாம் என்று உனக்கு யாராவது சொன்னார்களா?

நான் மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீல மூடி. அதை எப்போது மறப்பேன் என்று தெரியவில்லை.

யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன் என்றாள் லோகா.

என்னைப் பார்த்து, சேர்க்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தேன். நான் போய்விட்டால் மற்றப் பெண்களுக்காக யார் பேசுவது? ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தானே? அவளுக்குச் சின்ன வயது, வேறு வேலை கிடைக்கும். எல்லாம் நன்றாக ஜோடித்த காரணங்கள். உண்மை என்னவென்றால் பயந்துவிட்டேன். பயந்தால் மறைப்பேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

கத்தரிக்கோல்

விசாரணை முடிந்து கழிப்பறைக்குப் போனால் லோகா கைகழுவும் இடத்தில் நின்று மணிக்கட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்துவிட்டது. கயிறு ஊறி இறுகிக்கொண்டது. நகத்தால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், வரவில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். எடுத்து நீட்டினேன். அவள் வாங்கி, ஒரே வெட்டாக வெட்டினாள். கயிற்றைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கத்தரிக்கோலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். நன்றி அக்கா என்றாள். அக்கா என்றுதான் சொன்னாள். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை.

மாதக் கடைசியில் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம் இல்லை, இனி வர வேண்டாம் என்று. புவான் ஹஸ்னா மேலே பேசிப் பார்த்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சுத்தம் பற்றிய விதியை மறைத்து மீறினாள் என்று கோப்பில் எழுதியிருந்ததால், அதே மாதிரி வேலைக்கு வேறு இரண்டு இடத்தில் கேட்டும் கிடைக்கவில்லை.

இப்போது லோகா சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. டிகிரி படித்த பிள்ளை.

நான் ஓய்வு பெற்ற அன்று என்னை வழியனுப்பியபோது ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். தொழில்நுட்பத் துறையில் பெண்களைக் கைதூக்கிவிட்டதற்காக என்று அதில் பொறித்திருக்கிறது. பள்ளிகளில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். போகிறேன். பெண் பிள்ளைகளே தைரியமாக அறிவியல் படியுங்கள் என்கிறேன். கைதட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து கேடயத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கிறேன்.

திகாம் பத்துவில் ஒரு காலை

ஓய்வு பெற்ற பிறகுதான் லோகாவைத் தேடிப் போனேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. திகாம் பத்துவில் கூட வேலை செய்கிற இரண்டு பெண்களோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். தோட்டத்துக்கு அதிகம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்காலி கொண்டுவந்து போட்டாள். மைலோ கலக்கிக் கொடுத்தாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

நான் ஏதோ ஆரம்பித்தேன். அன்றைக்கு அந்த அறையில் நான், என்று தொடங்கி முடிக்க முடியவில்லை. அவள் துணியைப் பிழிந்துகொண்டே பேசினாள்.

"நீங்கதான் சொன்னீங்கன்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், பெரியம்மா."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் அதையெல்லாம் முன்பே அழுது முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மன்னித்துவிடு என்றேன். தலையை ஆட்டினாள், சரி என்றும் இல்லை, முடியாது என்றும் இல்லை. பிறகு, வேலை போனது போகட்டும், அம்மாவைப் பற்றித்தான் கவலை என்றாள். திருவிழா முடியும் முன்னால் காப்பை வெட்டியதால்தான் வேலை போனது என்று சரசு நம்புகிறாள். சாமி குத்தம். மகள் செய்த குத்தத்துக்குப் பரிகாரமாக மூன்று வருஷமாகத் தீச்சட்டி எடுக்கிறாள். லோகா வீட்டுக்குப் போனால் சாப்பாடு போடுகிறாள், ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை. வெட்டுவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று மகள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். குத்தம் செய்தவள் அப்படித்தான் சொல்வாள் என்று சரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கிருந்து நேராகச் சரசு வீட்டுக்குத்தான் போனேன், சொல்லிவிட வேண்டும் என்று. சரசு வாசலுக்கே ஓடி வந்தாள், வா அக்கா வா அக்கா என்று. காப்பி கலக்கிக் கொடுத்தாள். டம்ளரை நீட்டிய உள்ளங்கையில் தீச்சட்டி சுட்ட தழும்பு பளபளவென்று இருந்தது. என் மகளுக்காக நீ எவ்வளவு பாடுபட்டாய், அவள்தான் கெடுத்துக்கொண்டாள் என்றாள். காப்பியைக் குடித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் லோகாவுக்குப் போன் போட்டு, சொல்ல முடியவில்லை என்றேன். எதிர்பார்த்த மாதிரி ஒரு மூச்சு விட்டாள்.

"அப்ப எழுதுங்க. ஞாயித்துக்கெழம பேப்பர்ல நீங்க எழுதறத மட்டும் அம்மா ஒரு எழுத்து விடாமப் படிக்கறாங்க. என் பேரயும் போடுங்க. ஊருக்கே தெரிஞ்ச பேருதானே."

சரசுவுக்கு

சரசு, இதை நீ எழுத்துக்கூட்டிப் படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மெதுவாகப் படி. கண்ணாடியைப் போட்டுக்கொள்.

பால்குடம் வேண்டிக்கொண்டது நான். அதை உன் மகளிடம் நான் கேட்கவே இல்லை. காப்போடு உள்ளே போகக் கூடாது, மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள். வேண்டாம், மறைத்துக்கொள் என்று அதட்டியது நான். கேட்டிருந்தால் வேறு வேலையில் வைத்திருப்பார்கள், இன்றைக்கு அவள் அங்கே இஞ்சினியர். மாட்டிக்கொண்ட அன்று என் பெயரை அவள் சொல்லவில்லை. நானும் என் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் காப்பை வெட்டினாள். கத்தரிக்கோல் என்னுடையது.

இதில் அம்மனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. லோகா எந்தக் குத்தமும் செய்யவில்லை.

திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சட்டியை எடுத்துக் கழுவி வைத்திருப்பாய். அதைத் தொடாதே. பஸ் ஏறித் திகாம் பத்துவுக்குப் போய் உன் பிள்ளையின் முகத்தைப் பார். அதன் பிறகு என்னிடம் வா. என்ன கேட்க வேண்டுமோ கேள். நான் வீட்டில்தான் இருப்பேன்.